விலையில்லாப் பொருளின் விலை

ஈகை வேறு, வாணிகம் வேறு. திரும்பப் பெறும் எண்ணம் சிறிதுமின்றிக் கொடுப்பது ஈகை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவது வாணிகம். வள்ளுவப் பெருந்தகை ஈகைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இல்லாதவர் கைக்குச் செல்வது மட்டுமே ஈகை என்றும், மற்றவை யாவும் மீண்டு வரும் எனக் கணக்கிட்டுக் கொடுப்பவை என்றும் அவர் வரம்பு கட்டினார். அவ்வரம்பு மறக்கப்படும் இடத்தில்தான் மாந்தர் ஏமாறுகின்றனர். வாணிகம் ஈகையின் உடையை உடுத்திக்கொண்டு வரும்போது, வாங்குபவன் தன்னை வாங்குபவன் என்று உணர்வதில்லை. பெறுபவன் என்றே எண்ணி மகிழ்கிறான். தான் செலுத்தும் விலை யாது என்னும் கேள்வியும் அவனுக்கு எழுவதில்லை.

இன்று இணையத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கும் பாலியல் காட்சித் தளங்கள் இத்தகைய வாணிகத்தின் முதிர்ந்த வடிவம். அவற்றைப் பற்றி ஒழுக்க நோக்கில் பேசியவர் பலர். அவை எவ்வாறு பொருளீட்டுகின்றன, பார்ப்பவனிடமிருந்து எதனை எடுத்துக்கொள்கின்றன என்னும் வரலாற்று நோக்கில் பேசியவர் சிலரே. பேசக் கூசும் பொருள் என்பதால் வகுப்பறை இதனைத் தவிர்க்கிறது, வீடும் தவிர்க்கிறது. ஆயினும், மாணவர் கையிலுள்ள கைத்தொலைபேசி இதனைத் தவிர்ப்பதில்லை. எனவே, இவ்வாணிகத்தின் வேரை அறிவது கடமையாகின்றது. அவ்வேரைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பேராக் மாநிலத்துக் கமுந்திங் வட்டாரத்தின் 150 ஆண்டு வரலாற்றிலேயே அதன் சாயல்கள் தெளிவாகத் தென்படுகின்றன.

சுரங்கமும் அபினும்

தைப்பிங் நகருக்கு வடக்கே அமைந்தது கமுந்திங். 'கெமுந்திங்' என்னும் காட்டுச் செடியின் பெயரால் இவ்வூர் அமைந்தது என்பர். இதன் பழைய பெயர் கிளியான் பாரு. புதுச் சுரங்கம் என்பது அதன் பொருள். 1840களில் லாரூட் பகுதியில் ஈயத் தொழில் தழைக்கத் தொடங்கியபோது, சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இங்கு வந்து குவிந்தனர். கிளியான் பாருவில் கீ ஹின் குழுவினரும், பின்னாளில் தைப்பிங் என்று பெயர் பெற்ற கிளியான் பாவுவில் ஹாய் சான் குழுவினரும் நிலைபெற்றனர். இவர்களிடையே 1861 முதல் மூண்ட போர்கள் 1874 சனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே அடங்கின. நாட்டின் முதல் இருப்புப் பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடத் தொடங்கியதும் இந்த ஈயத்தின் பொருட்டே.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சுரங்க முதலாளி ஈயத்தால் மட்டும் பொருள் சேர்க்கவில்லை. தொழிலாளிக்கு வேண்டிய அரிசியையும் எண்ணெயையும் அபினையும் அவனே கடனாக வழங்கினான். கையில் காசில்லாதவனுக்கும் அபின் கிடைத்தது. கேட்டவுடன் கிடைத்தது, கணக்கில் மட்டும் ஏறியது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது தொழிலாளியின் உழைப்பில் பெரும்பகுதி கடனில் கரைந்திருக்கும். ஈயத்தின் விலை வீழ்ந்த காலத்திலும் முதலாளியை வீழாமல் காத்தது இவ்வாணிகமே.

அரசும் இதில் பங்கு கொண்டது. அபின் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில், சில ஆண்டுகளில், ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்தது. 1910இல் குத்தகை முறை நீங்கி அரசே விற்பனையை ஏற்றது. பின்னர் அபின் புகைப்போரின் பெயர்களைப் பதிவு செய்யும் முறையும் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அபின் விற்பனை முற்றாகத் தடை செய்யப்பட்டது.

தனித்திருக்கும் மனிதனின் சலிப்பும் ஏக்கமும் வருவாய்க்கு உரிய பொருள்கள் என்பதை லாரூட் சுரங்கங்கள் அன்றே கண்டுகொண்டன. அப்பொருளை அவன் கைக்கு எளிதாக்கிக் கொடுத்தால் போதும். விலையைப் பின்னர் வேறு வழியில் பெற்றுக்கொள்ளலாம். ஒருவன் எதற்கு அடிமை என்பதை ஏட்டில் எழுதி வைக்கலாம் என்பதும் அக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. இவ்விரண்டு உண்மைகளும் பின்வரும் செய்திகளுக்கு அடிப்படையாம்.

தோட்டமும் தலைக்காசும்

ஈயத்தைத் தொடர்ந்து வந்தது ரப்பர். பால்மரம் வேர்கொண்ட இடமெல்லாம் தமிழரின் வியர்வையும் வேர்கொண்டது. தொடக்கத்தில் ஒப்பந்த முறையில் வந்த தமிழர், பின்னர்க் கங்காணி முறையில் வந்தனர். 1907ஆம் ஆண்டு இந்தியக் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையைக் கொண்டு தொழிலாளருக்கு இலவசக் கப்பற் பயணம் அளிக்கப்பட்டது. ஒப்பந்த முறையின் கொடுமையோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே. வழிச்செலவுக் கடன் தலையில் ஏறாமல் தொழிலாளி கரையேறினான். ஆனால், அந்தப் பயணச் சீட்டு யாருடைய நலனுக்காக வழங்கப்பட்டது? தோட்டங்களுக்கு ஆள் குறையாமல் வந்துகொண்டே இருந்தால் கூலி உயராது. கப்பற் கூலியை இழந்தவர் நாட்கூலியில் அதனை மீட்டுக்கொண்டனர். பயணம் இலவசம், உழைப்பு மலிவு. இந்திய அரசு 1938இல் இம்முறைக்குத் தடை விதிக்கும் வரை அக்கணக்கு நடந்துகொண்டே இருந்தது.

இம்முறையில் கங்காணிக்குக் கிடைத்த ஊதியமே நம் கவனத்துக்கு உரியது. தன் கீழ் வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு அவனுக்கு வழங்கப்பட்டது. மரம் எத்தனை சீவப்பட்டது என்பதைவிட, எத்தனை தலைகள் வந்து நின்றன என்பதே அவன் வருவாயை முடிவு செய்தது. விடியுமுன் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பர்; கிராணி ஏட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டுக் குறிப்பார். அந்த ஏடு அனைவர் கண்ணுக்கும் தெரிந்தது. தன் பெயர் எழுதப்படுவதை ஒவ்வொரு தொழிலாளியும் அறிவான். பிழையாக எழுதினால் முறையிடவும் அவனுக்கு வாயிருந்தது.

வேலை முடிந்த மாலையில் கள்ளுக்கடை திறந்திருந்தது. தோட்டத்து எல்லைக்குள்ளேயே உரிமம் பெற்று நடத்தப்பட்ட கடை அது. ஒரு கையால் கொடுத்த கூலியின் ஒரு பகுதியை மறு கையால் திரும்பப் பெறும் ஏற்பாடாகவே அது விளங்கியது. கள்ளுக்கடையின் இலாபத்தில் தொழிலாளர் நலச் செலவுகள் செய்யப்பட்டதுண்டு. ஒருவனைக் கெடுத்துச் சேர்த்த பணத்தில் அவனுக்கே நன்மை செய்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. இதனை உணர்ந்த தொழிலாளர் வாளா இருக்கவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின்போது வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகத் தோட்டந்தோறும் கிளர்ந்தெழுந்தனர். தம்மை விழுங்கும் வாணிகத்தைத் தாமே அடையாளங்கண்டு எதிர்த்த அத்தொழிலாளர் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு மிகக் குறைந்தவர்கள் என்பதை மறத்தல் ஆகாது.

இலவசப் படமும் எழுதப்பட்ட கோப்பும்

1948 சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்யப்பட்டுப் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை பெற்றனர். அக்காலத்தில் தகவல் இலாகாவின் நடமாடும் படவண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் வந்தன. 1946இல் தொடங்கப்பட்ட மலாயாப் படப்பிரிவின் படங்கள் திறந்த வெளியில் திரையிடப்பட்டன. நுழைவுக் கட்டணம் இல்லை. பாயை விரித்து அமர்ந்து பார்த்த தோட்ட மக்களுக்கு அது திருவிழாவாயிற்று. படத்தின் ஊடே அரசின் செய்தியும் புகட்டப்பட்டது. மக்கள் கட்டணமாகச் செலுத்தியது தங்கள் செவியையும் கருத்தையுமே.

வணிக உலகம் இம்முறையை அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தது. 1833ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பார் 'தி சன்' என்னும் நாளிதழை ஒரு சென்டுக்கு விற்கத் தொடங்கினார். ஏனைய இதழ்கள் ஆறு சென்டுக்கு விற்ற காலம் அது. வாசகர் பெருகினர், அவர்தம் பார்வையை விளம்பரக்காரர்களுக்கு விற்று இதழ் கொழித்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அதே வழியைப் பின்பற்றின. மலேசியாவில் 1984இல் ஒளிபரப்பைத் தொடங்கிய முதல் தனியார் தொலைக்காட்சியான டிவி 3 பார்ப்போரிடம் காசு கேட்கவில்லை, விளம்பரதாரரிடம் கேட்டது. எனினும், படவண்டிக்கும் நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் ஓர் எல்லை இருந்தது. திரையை மக்கள் பார்த்தனர். திரை மக்களைப் பார்க்கவில்லை.

மக்களைப் பார்க்கும் கண் வேறோர் இடத்தில் இருந்தது. கமுந்திங் என்னும் பெயரை உலகச் செய்திகளில் இடம்பெறச் செய்தது அவ்வூரின் தடுப்பு முகாம். 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டோர் பலர் இங்கு இருந்தனர். 1987இல் 'ஓப்பராசி லாலாங்' நடவடிக்கையில் கைதானோருள் ஒரு பகுதியினரும், 2007 டிசம்பரில் இண்ட்ராப் இயக்கத் தலைவர் ஐவரும் இம்முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஒருவர் எங்குச் சென்றார், யாரைக் கண்டார், என்ன பேசினார் என்று எழுதப்பட்ட கோப்பு அவர் விடுதலையையே பறிக்க வல்லது என்பதற்கு இவ்வூர் சான்று. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. அக்கோப்பை அரசு எழுதுகிறது என்பதை மக்கள் அறிந்திருந்தனர்; அஞ்சினர்; எதிர்த்துக் குரலும் கொடுத்தனர். இன்று அதனினும் விரிவான கோப்பை வணிகர் எழுதுகின்றனர். அதனை அறிந்தவர் சிலர். எதிர்ப்பவர் அவரினும் சிலர்.

இணையத்தின் தலைக்காசு

1994ஆம் ஆண்டு இணைய வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளால் நினைக்கப்பட வேண்டியது. அவ்வாண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொண்டுல்லி 'குக்கி' எனப்படும் சிறு அடையாளக் குறிப்பை உருவாக்கினார். ஒரு தளத்துக்கு மீண்டும் வருபவர் முன்பு வந்தவரே என்பதைக் கணினி நினைவில் கொள்ள உதவுவது அது. அவ்வாண்டு அக்டோபரில் 'ஹாட்வயர்ட்' என்னும் தளத்தில் பட்டை விளம்பரங்கள் முதன்முதலாகத் தோன்றின. வந்தவரை அடையாளங்காணும் கருவியும், வந்தவரின் கண்ணை விற்கும் சந்தையும் ஒரே ஆண்டில் பிறந்தன. இரண்டும் இணைந்தபோது இணையத்தின் தலைக்காசு முறை உருவாயிற்று.

தொடக்கத்தில் பாலியல் தளங்கள் கட்டணம் பெற்றே நடந்தன. 2005இல் யூடியூப் தோன்றிய பின்னர், அதன் அமைப்பைப் பின்பற்றி 2006, 2007ஆம் ஆண்டுகளில் இலவசப் பாலியல் காட்சித் தளங்கள் எழுந்தன. யார் வேண்டுமானாலும் ஒளிக்காட்சியை ஏற்றலாம். யார் வேண்டுமானாலும் காசின்றிப் பார்க்கலாம். உரிமையாளரின் இசைவின்றி ஏற்றப்பட்ட படங்களே அவற்றில் மலிந்தன. பொருளைத் தயாரிக்கும் செலவு தளத்துக்கு இல்லை. கட்டணத் தளங்கள் நலிந்தன. நலிந்தவற்றை இலவசத் தளங்களின் உரிமையாளர்களே விலைக்கு வாங்கினர். கனடாவின் மொண்ட்ரியால் நகரில் பெரும் அலுவலகம் கொண்டிருந்த மேன்வின் நிறுவனம் இவ்வாறு பல தளங்களைத் தன் குடைக்கீழ்க் கொணர்ந்தது. 2013இல் அது மைண்ட்கீக் என்றும், 2023இல் ஐலோ என்றும் பெயர் மாற்றம் பெற்றது. தளங்களை நடத்தியதோடு, விளம்பரங்களை விற்கும் வலையமைப்பையும் அந்நிறுவனமே நடத்தியது. தோட்டத்தையும் கடையையும் ஒருவரே நடத்திய பழைய ஏற்பாடு இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது.

வருவாய் வரும் வழிகள் பல. ஒவ்வொரு பக்கம் திறக்கப்படும்போதும் விளம்பரதாரர் ஒரு சிறு தொகை செலுத்துகிறார். அவ்விளம்பர இடம் பல வேளைகளில், பக்கம் திறக்கும் கணப்பொழுதிலேயே, கணினிகளுக்கிடையே ஏலம் விடப்படுகிறது. ஏலத்தில் கலந்துகொள்வோருக்குப் பார்ப்பவரைப் பற்றிய குறிப்புகள் அனுப்பப்படுகின்றன. இலவசத் துண்டுக் காட்சியைப் பார்த்தவரைக் கட்டணத் தளத்துக்கு அனுப்பி வைத்தால் அதற்கொரு தரகு உண்டு. சூதாட்டத் தளங்களும் போலி மருந்து விற்போரும் இங்கு விளம்பரம் செய்யத் தயங்குவதில்லை. சிலவேளை விளம்பரத்தின் போர்வையிலேயே தீய நிரல்கள் கருவிக்குள் நுழைகின்றன. பெரிய வணிக நிறுவனங்கள் தம் பெயரை இத்தளங்களில் காட்ட நாணுவதால் விளம்பரக் கட்டணம் குறைவு. குறைந்த கட்டணத்தில் நிறைந்த வருவாய் வேண்டுமெனின், வருவோரின் எண்ணிக்கையும் அவர்கள் தங்கியிருக்கும் நேரமும் பெருக வேண்டும். ஆகவே, ஒரு காட்சி முடியுமுன் மற்றொன்று காட்டப்படுகிறது. கங்காணிக்கு வேண்டியது போலவே இவர்களுக்கும் வேண்டியது தலைகளின் எண்ணிக்கையே.

கண்ணுக்குப் புலனாகாத கிராணி

பெரட்டில் நின்ற தொழிலாளி தன் பெயர் எழுதப்படுவதைக் கண்டான். இணையத்தில் நிற்பவன் காண்பதில்லை. 2019ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் மூவர் 22,484 பாலியல் தளங்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 93 விழுக்காட்டுத் தளங்கள் வருவோரைப் பற்றிய குறிப்புகளை மூன்றாம் தரப்பினருக்கு அனுப்பின. 74 விழுக்காட்டுத் தளங்களில் கூகுள் நிறுவனத்தின் தடமறி நிரல்கள் காணப்பட்டன. ஏறத்தாழ 45 விழுக்காட்டுத் தளங்களின் முகவரிச் சொற்களே பார்ப்பவரின் பாலியல் நாட்டத்தை வெளிப்படுத்தக் கூடியவை. தளங்களின் அந்தரங்கக் கொள்கை அறிக்கைகளைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ ஈராண்டுக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் பெருவிரல் பதித்த தொழிலாளியின் நிலைக்கும், படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று பெருவிரலால் தொடும் இன்றைய இளைஞனின் நிலைக்கும் வேறுபாடு அதிகமில்லை.

பெயரைக் கொடுக்கவில்லையே, பின் எவ்வாறு அறிவர் என்று சிலர் ஐயுறலாம். கருவியின் இணைய முகவரி, திரையின் அளவு, மொழி, மென்பொருள், குக்கிக் குறிப்பு ஆகியவை சேர்ந்தாலே ஒரு கருவியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியும். அதே தடமறி நிரல் செய்தித் தளத்திலும் கடைத் தளத்திலும் இருக்குமெனின், ஓரிடத்தில் பெயரோடு வந்தவரும் மற்றோரிடத்தில் பெயரின்றி வந்தவரும் ஒருவரே எனக் கண்டுகொள்ள வழி பிறக்கிறது. மறைவு உலாவல் முறை பாதுகாப்பு அளிக்கும் என்று நம்புவோர் பலர். அது தம் கருவியில் உள்ள வரலாற்றை மட்டுமே அழிக்கிறது. எதிர்ப்புறத்தில் எழுதப்படுவதை அழிப்பதில்லை. கூகுள் நிறுவனத்தின் மறைவு உலாவல் முறையைக் குறித்து 2020இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அதன் முடிவில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் 2024இல் இசைந்தது. அழிப்பதற்குப் பதிவுகள் இருந்தன என்பதே அறிய வேண்டிய பாடம்.

ஏடு களவுபோன நாள்கள்

எழுதப்பட்ட ஏடு என்றேனும் ஒரு நாள் பிறர் கைக்குப் போகும். 2015 சூலையில், மணமானோர்க்கான மறைமுகத் தொடர்புத் தளமான ஆஷ்லி மேடிசன் தாக்கப்பட்டது. அடுத்த மாதம் 3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் வெளியிடப்பட்டன. தம் பதிவை முற்றாக அழிப்பதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியோரின் விவரங்களும் அவற்றுள் இருந்தன. மிரட்டல் மடல்கள் வந்தன, குடும்பங்கள் சிதைந்தன, உயிரிழப்புகளும் பேசப்பட்டன. அடுத்த ஆண்டு பிரண்ட் பைண்டர் குழுமத்தின் பாலியல் தளங்களிலிருந்து 41 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் களவுபோயின. பயனர் நீக்கிவிட்டதாக நம்பிய கணக்குகளும் அக்களவில் அடங்கும். நீக்கு என்னும் பொத்தான் பயனரின் கண்ணுக்கு மட்டுமே நீக்கிக் காட்டியது.

2018இல் மற்றொரு தந்திரம் உலகெங்கும் பரவியது. வேறெங்கோ களவுபோன பழைய கடவுச்சொல்லைக் குறிப்பிட்டு, 'நீர் ஆபாசத் தளம் பார்த்ததைப் படம் பிடித்துள்ளோம். பணம் அனுப்பாவிடில் உற்றாருக்கு அனுப்புவோம்' என்னும் பொருளில் மடல்கள் பறந்தன. அனுப்பியவரிடம் படம் ஏதும் இல்லை. ஆயினும் பணம் அனுப்பியோர் உண்டு. இங்கே விற்கப்பட்டது அச்சம். வெளியில் சொல்ல இயலாத செயலுக்குரிய மிரட்டலையும் வெளியில் சொல்ல இயலாது என்பதே மிரட்டுவோரின் முதலீடு.

பார்ப்பவனுக்கு நேரும் இழப்பைவிடப் பெரிது, பார்க்கப்படுபவருக்கு நேரும் இழப்பு. தமிழ் மக்கள் இதனைத் தொடக்கத்திலேயே கண்டனர். 2001ஆம் ஆண்டு இறுதியில் சென்னையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர், பெண்களை ஆபாசமாகப் படமெடுத்து வெளிநாட்டுத் தளங்கள் வாயிலாக வெளியிட்ட குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். 2008இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு, மணவிலக்குப் பெற்ற பெண்ணொருவரைப் பற்றி இணையத்தில் இழிவான செய்திகளைப் பரப்பியவருக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தண்டனை அளித்தது. அச்சட்டத்தின் ஆபாசப் பிரிவில் இந்தியா கண்ட முதல் தண்டனைகளுள் ஒன்று அது. பொள்ளாச்சியில் பெண்களைப் படமெடுத்து மிரட்டிய ஒன்பதின்மருக்கு 2025 மே மாதம் ஆயுள் தண்டனை கிடைத்தது. அவ்வழக்கு 2019இல் வெளிவந்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்டோருள் ஒருவர் நாணத்தை வென்று முறையிட்டமையே.

பெரும் தளங்களும் இக்குற்றத்திலிருந்து விலகி நின்றவை அல்ல. 2020 டிசம்பரில், சிறுவர் துன்புறுத்தப்படும் காட்சிகளும் இசைவின்றி எடுக்கப்பட்ட காட்சிகளும் மைண்ட்கீக்கின் தலைமைத் தளத்தில் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் கட்டுரையொன்று வெளிப்படுத்தியது. விசாவும் மாஸ்டர்கார்டும் அத்தளத்தில் தம் அட்டைகளின் பயன்பாட்டை நிறுத்தின. உடனே, சரிபார்க்கப்படாத ஏறத்தாழ ஒரு கோடிக் காட்சிகள் அகற்றப்பட்டன. பாதிக்கப்பட்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் வேண்டியும் நடவாதது, பணம் வரும் வழி அடைபட்டதும் சில நாள்களில் நடந்தது. இவ்வாணிகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி போல் தெளிவாகக் காட்டியது பிறிதொன்றில்லை.

சட்டத்தின் வேலியும் அதன் இடைவெளியும்

மலேசியாவில் ஆபாசப் பொருளை விற்பதும் பரப்புவதும் வைத்திருப்பதும் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவின்படி குற்றம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் இணையத்தில் ஆபாசம் பரப்புவதைத் தடுக்கிறது. தளங்கள் பல முடக்கப்படுகின்றன. மக்களின் விவரங்களைக் காக்க 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2024இல் அது திருத்தப்பட்டது. தரவுக் கசிவு நேர்ந்தால் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் கடமை 2025 சூன் முதல் நடப்பில் உள்ளது.

வேலி உண்டு, இடைவெளியும் உண்டு. வெளிநாட்டிலேயே கையாளப்படும் தரவுகளுக்குப் பெரும்பாலும் அச்சட்டம் செல்லாது. பாலியல் தளங்களோ கடல் கடந்த கணினிகளில் இயங்குகின்றன. உள்நாட்டு நிலையும் முழு ஆறுதல் தருவதன்று. 2017ஆம் ஆண்டு 4 கோடியே 62 இலட்சம் மலேசியக் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தமை வெளிப்பட்டது. அது அன்றைய மக்கள்தொகையைவிட அதிகம்.

தளங்களை முடக்குவதும் தனி மருந்தாவதில்லை. இந்திய அரசு 2015இல் 857 தளங்களை முடக்க ஆணையிட்டு, எதிர்ப்பு எழவே சில நாள்களில் அதனைத் தளர்த்தியது. 2018இல் நீதிமன்ற ஆணையை ஒட்டி 827 தளங்களை முடக்கியது. முடக்கத்தைக் கடக்க விரும்புவோர் இலவச மறைவழிச் செயலிகளை நாடுகின்றனர். அவையும் இலவசமே, அவற்றுக்கும் விலை உண்டு. பேஸ்புக் நிறுவனம் 2013இல் வாங்கிய ஒனாவோ என்னும் இலவசச் செயலி, பாதுகாப்புத் தருவதாகச் சொல்லிக்கொண்டே பயனரின் நடவடிக்கைகளைச் சேகரித்தது. 2019இல் அது மூடப்பட்டது. ஒரு தூண்டிலுக்குத் தப்ப மற்றொரு தூண்டிலைக் கவ்வும் மீனின் நிலை இது. சிறுவரைக் காக்கும் நன்னோக்கில் சில நாடுகள் வயதுச் சான்று கேட்கும் சட்டங்களை இயற்றியுள்ளன. 2025 சூலையில் பிரிட்டன் அதனை நடைமுறைப்படுத்தியது. அச்சான்றுகளை யார் சேமிப்பர், எத்தனை நாள் சேமிப்பர் என்னும் கேள்விகளுக்கு விடை தெளிவாகாவிடில், காவலே கசிவுக்கு வாயிலாகிவிடும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1994ஆம் ஆண்டு நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், தனித்து விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று கூறியது. தமிழகத்திலிருந்து சென்ற வழக்கு அது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என ஒருமனதாக உறுதி செய்தது. அந்தரங்கம் என்பது குற்றத்தை மறைக்கும் திரை எனச் சிலர் கருதுகின்றனர். அது தவறு. நாம் யார் என்பதைப் பிறர் விலைபேசாதிருக்கும் நிலையே அந்தரங்கம்.

ஆசிரியர் கையில் உள்ளது

லாரூட் சுரங்கங்கள் இன்று ஏரிகளாகிவிட்டன. பால்மரங்கள் பல வெட்டப்பட்டுச் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம் விட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் மக்கள் கமுந்திங்கின் ரப்பர்க் கையுறை ஆலைகளிலும் பிற தொழிற்சாலைகளிலும் உழைக்கின்றனர். இரவு வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞனுக்கு, அன்று சுரங்கத்துச் சீனத் தொழிலாளிக்கு இருந்த அதே தனிமை உண்டு. அத்தனிமையை வருவாயாக்கும் கடை அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கள்ளுக்கடை இரவில் மூடப்பட்டது; இக்கடை மூடப்படுவதே இல்லை.

கள்ளுக்கடையை எதிர்த்த தொழிலாளருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. கடை கண்ணுக்குத் தெரிந்தது. குடித்தவர் யார் என்பதும் தெரிந்தது. துன்பம் பொதுவாக இருந்தது. எனவே, கூடிப் பேசினர், கூடிச் செயற்பட்டனர். இன்றைய வாணிகம் ஒவ்வொருவரையும் தனித்தனியே பிரித்து, நாணம் என்னும் பூட்டை வாயில் இட்டுவிடுகிறது. மிரட்டப்படும் மாணவன் தந்தையிடம் சொல்ல அஞ்சுகிறான். இசைவின்றிப் படமெடுக்கப்பட்ட மாணவி ஆசிரியரிடம் சொல்லக் கூசுகிறாள். அந்த மௌனமே மிரட்டுவோனுக்கு வலிமை. சட்டம் முறையிடுபவருக்கே உதவ முடியும். முறையிட ஒரு செவி முதலில் வேண்டும்.

அச்செவியாக இருக்கத் தக்கவர் தமிழாசிரியர். வள்ளுவரின் சூது என்னும் அதிகாரத்தைப் பயிற்றும்போது, மீன் விழுங்கும் தூண்டிற் பொன்னைப் பற்றி அவர் விளக்குகிறார். அவ்வகுப்பிலேயே, இலவசமாகக் கிடைப்பவற்றின் விலையைப் பற்றியும் இரண்டு சொற்கள் சொல்லலாம். பழிக்காமல் சொல்ல வேண்டும். அஞ்சாமல் சொல்ல வேண்டும். 'இதற்கு யார் பணம் கொடுக்கிறார்? ஏன் கொடுக்கிறார்? என்னிடமிருந்து எதனை எடுத்துச் செல்கிறார்?' என்னும் மூன்று வினாக்களை மாணவர் எதன்முன் நின்றாலும் கேட்கப் பழக வேண்டும். தவறு நேர்ந்துவிட்டாலும் வந்து சொல்லலாம் என்னும் நம்பிக்கையை அவர்களுக்குத் தர வேண்டும்.

இலவசப் பயணச் சீட்டில் கடல் கடந்து வந்த மூதாதையருக்கு அச்சீட்டின் பின்புறத்தில் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்ல ஆளில்லை. அவர்தம் பெயரர்களுக்குப் படித்துச் சொல்ல ஆசிரியர் இருக்கின்றனர். இருந்தும் சொல்லப்படாவிடில், அப்பிழையை வரலாறு தொழில்நுட்பத்தின் கணக்கில் எழுதாது. நம் கணக்கிலேயே எழுதும்.